ஐம்பத்தெட்டாம் தாள்

ஆகஸ்ட் 12, சனி

ஆராய்ச்சி செய்கிறவர்கள் தினமும் குறிப்பு எழுத வேண்டும் என்று பேராசிரியர் குற்றாலிங்கம் ஏழு வருஷமாக என் காதில் ஓதிக்கொண்டிருக்கிறார். நவம்பர் முப்பதோடு என் முனைவர் பட்டப் பதிவின் கடைசி நீட்டிப்பும் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் முப்பத்தெட்டு வயதில் நான் வெறும் எஸ்தர், ஒப்பந்த விரிவுரையாளர், அதுவும் அடுத்த வருஷம் சந்தேகம். ஆகவே எழுதுகிறேன்.

இன்று வேலை தொடங்கியது. எண்பத்துநான்கு பெண் காவலர்கள். அதில் நாற்பத்திரண்டு பேருக்கு எட்டுச் சனிக்கிழமை மன அமைதிப் பயிற்சி. மற்ற நாற்பத்திரண்டு பேருக்கு ஒன்றும் கிடையாது, சும்மா இருப்பார்கள். இரண்டு கூட்டமும் முதலில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை, இருபத்தொரு கேள்வித் தாளை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு கட்டம். 'இல்லை' என்றால் 0, 'எப்போதும்' என்றால் 3. மொத்தம் கூடினால் மனம் கெட்டிருக்கிறது, குறைந்தால் தேறியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பேராசிரியரின் இரும்பு அலமாரியில். நிரப்பிய தாளை அவரவரே உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் உறைகளைத் திறப்போம். உறை என் யோசனை. பயிற்சி கொடுப்பவளே விடைகளை நடுவில் பார்த்தால் முடிவில் ஒரு பக்கச் சாய்வு வந்துவிடும் இல்லையா? பேராசிரியர் முதுகில் தட்டிப் பாராட்டினார்.

ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுக்கும் நெறிக் குழுவில் இருந்த டாக்டரம்மா ஒருவர்தான் முகத்தைச் சுளித்தார். ஒன்பதாம் கேள்வி 'செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா' என்பது. அதற்கு யாராவது 2 அல்லது 3 போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "அன்றே கவனிக்கப்படும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒட்டிய உறைக்குள் இருப்பதை அன்றே எப்படிக் கவனிப்பாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆயுதப்படை மைதானத்துக் கூடம். மின்விசிறி ஆறில் இரண்டு ஓடவில்லை. பாதிப் பேர் இரவுப் பணி முடித்து நேராக வந்தவர்கள். ஏட்டம்மா பாக்கியத்தாய்தான் எல்லோரையும் அதட்டி உட்கார வைத்தார். கடைசி வரிசையில் ஒருத்தி, சண்முகவடிவு, முப்பது வயதிருக்கும், தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"மேடம், இத யாரு படிப்பா? எங்க இன்ஸ்பெக்டரா?"

"ஐயோ, இல்லம்மா. நான் மட்டும்தான்."

"எல்லாத்தையும் படிப்பியளா? இல்ல சும்மா கூட்டிப் போட்டுட்டு எடைக்குப் போட்ருவியளா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். "ஒவ்வொண்ணையும் நானே படிப்பேன். போதுமா?"

"அப்பச் சரி. யாரும் படிக்கலன்னா எதுக்கு எழுதணும்னு கேட்டேன், கோவிச்சுக்காதிய" என்று குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

வீட்டில் தண்ணீர் வரவில்லை. நான்கு நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீர், இன்று அம்மா குழாயடியில் உட்கார்ந்து காத்திருந்தும் வரவில்லை.

ஆகஸ்ட் 19

இரண்டாம் வகுப்பு. மூச்சுப் பயிற்சியில் பதினோரு பேர் தூங்கிவிட்டார்கள். எழுப்ப மனம் வரவில்லை.

செப்டம்பர் 2

நான்காம் வகுப்பு. "உங்களை வருத்தும் ஒன்றைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்" என்ற பகுதி. பக்கத்தில் இருப்பவர் மேலதிகாரியாக இருந்தால் யார் சொல்வார்கள்? எல்லோரும் முட்டிவலியைப் பற்றிச் சொன்னார்கள்.

வடிவுதான் கலகலப்பு. நாற்காலி அடுக்க உதவினாள், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். ஆறு வயது மகள் தர்ஷினி மாமியார் வீட்டில் இருக்கிறாளாம். புருஷன் பிரிந்துபோய்விட்டான். "டியூட்டிக்குப் போற பொம்பளைட்ட பிள்ளை எப்படி வளரும்னு வச்சுக்கிட்டாவ மேடம். மாசம் ஒருக்க பாக்கலாம்னு பேச்சு. அந்த ஒரு நாளும் பந்தோபஸ்து விழுந்துரும். பிள்ளைக்கு என் மூஞ்சி மறந்திருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். பயிற்சி பிடித்திருக்கிறது என்பதற்கு இது நல்ல அறிகுறி.

செப்டம்பர் 16

என் போன் எண்ணைக் கொடுத்தது தப்பாகப் போயிற்று. காலை ஆறு மணிக்கே பூப்படம், சூரியன் படம், 'இனிய காலை வணக்கம்' என்று ஏழெட்டுப் பேர் அனுப்புகிறார்கள். வடிவு ஒரு நாள் தவறுவதில்லை. முந்தாநாள் செம்பருத்தி, நேற்று சாமந்தி. பதில் போடாவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள், போட்டால் அதற்கு ஒரு பதில் வரும்.

அம்மாவின் பிரஷர் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். காலையில் ஒன்று, இரவில் அரை.

செப்டம்பர் 30

முடிந்தது! எட்டு வாரத்தில் ஒருவர்கூட இடையில் நிற்கவில்லை. உத்தரவு போட்டு வரவழைத்தார்கள் என்பது வேறு விஷயம். ஆய்வேட்டில் 'விலகியோர்: இல்லை' என்று எழுதும்போது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

கடைசித் தாள். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டு எலுமிச்சைச் சோறு வாங்க ஓடினார்கள். வடிவு மட்டும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கூடத்தைப் பூட்டுகிறவர் சாவியை ஆட்டிக்கொண்டே நின்றார். பாதியில் அவள் பேனா எழுதவில்லை என்று என் கறுப்புப் பேனாவை வாங்கிக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல், மூன்றரைக்குப் பஸ்.

உறையை ஒட்டிக் கையில் கொடுத்தபோது, "நீங்கதான படிப்பிய மேடம்?" என்றாள்.

"நான்தாம்மா. அன்னைக்கே சொன்னேன்ல."

"சரி மேடம். இந்தத் தடவ யோசிச்சுத்தான் போட்டிருக்கேன்."

எல்லோருக்கும் நினைவாக ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா கொடுத்தோம். அவள் டப்பாவைத் தட்டிப் பார்த்து, "பேரு வெட்டிக் குடுத்தா பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவா" என்றாள். என் பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள்.

அக்டோபர் 1

இன்று முதல் வேலையாகக் காவலர்களின் வாட்ஸ்அப்பையெல்லாம் ஒலி அடைத்து, கண்ணில் படாத மூலைக்குத் தள்ளினேன். நிம்மதி.

அக்டோபர் 9

காய்ச்சல் விட்டது. ஒரு வாரம் வீணாகப் போயிற்று. உறைகள் அட்டைப் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. சனிக்கிழமை ஆமினா வருவதாகச் சொல்லியிருக்கிறாள். துறையில் எனக்கு இளையவள், விரல் வேகமாக ஓடும்.

அக்டோபர் 14

காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை எண்களைக் கணினியில் ஏற்றினோம். நான் தாளைப் பார்த்து வாசிப்பேன், ஆமினா தட்டுவாள். "சைபர், ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு." பத்து தாளுக்குப் பிறகு வாசிக்கிறவளுக்குக் கேள்வியே மறந்துவிடும். வெறும் கட்டம்தான் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூற்று அறுபத்தெட்டுத் தாளை எந்த ஜென்மத்தில் முடிப்பது?

பத்துப் பேர் மேலிருந்து கீழே எல்லாம் 0. 'எனக்கு ஒரு குறையும் இல்லை ஐயா' என்று சல்யூட் அடித்த மாதிரி. ஐம்பத்தெட்டாம் எண்ணின் கடைசித் தாள் வந்தபோது நேர்மாறு. "மூணு, மூணு, மூணு, மூணு" என்று நான் பாட்டுப் போலவே வாசித்திருக்கிறேன். ஆமினா விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரோ நம்மள வச்சு வெளையாடியிருக்காவக்கா. நெட்டுக்க ஒரே கோடு இழுத்துட்டுச் சோத்துக்கு ஓடியிருப்பாவ." எனக்கும் சிரிப்புத் தாளவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்த களைப்பு.

அதில் ஒன்பதாம் கேள்வியும் 3. எல்லாம் 3 என்றால் ஒன்பதும் 3தானே.

அக்டோபர் 21

0.08.

இதைப் படிக்கப்போகிற யாருக்காவது புரிய வேண்டும் என்று எழுதுகிறேன். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கொஞ்சம் தேறியிருக்கிறார்கள். அந்தக் கொஞ்சம் தற்செயலாகவே வந்திருக்கலாமா என்று கணக்கு ஒன்று போடுவோம். விடை 0.05க்குக் கீழே வந்தால் பயிற்சி பலித்தது என்று உலகம் ஒப்புக்கொள்ளும். மேலே வந்தால் ஏழு வருஷமும் காற்றோடு போச்சு. எனக்கு 0.08 வந்திருக்கிறது.

பேராசிரியர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தன் டப்பாவிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்து நீட்டினார்.

"எஸ்தர், எண்ணப் பாத்துப் பயப்படாத. தேங்கா உடைச்சா அழுகினது ஒண்ணு ரெண்டு இருக்கத்தான் செய்யும். டேட்டாவச் சுத்தம் பண்ணாமலா கணக்குப் போட்ட?"

"எதச் சார் சுத்தம் பண்ண?"

"கேள்வியப் படிக்காமலே டிக் அடிச்சவங்க இருப்பாங்கல்ல. அவங்க விடை விடையா? உலகம் முழுக்க அவங்கள நீக்கிட்டுத்தான் கணக்குப் போடுறாங்க. ஒரு விதி வை, அந்த விதிப்படி நட. யாரும் கேக்கமாட்டாங்க."

அவர் சொல்வதில் தப்பில்லை. புத்தகங்களிலும் இருக்கிறது.

அக்டோபர் 23

விதி: இருபத்தொரு கேள்விக்கும் ஒரே விடை போட்டவர்கள் கேள்வியைப் படிக்காதவர்களாகக் கருதப்பட்டு நீக்கப்படுவர்.

முதலில் அந்தப் பத்து சைபர்காரிகளை நீக்கினேன். 0.06. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். பிறகு ஐம்பத்தெட்டை நீக்கினேன். 0.04.

ஒரே ஒரு வரி. அழிக்கும் விசையை ஒரு முறை தட்டினால் போதும். விதி எல்லோருக்கும் பொது. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றுதான். நான் எந்தப் பாரபட்சமும் பார்க்கவில்லை. விதியை எப்போது வைத்தேன் என்று ஆய்வேட்டில் தேதி போட வேண்டிய கட்டாயம் இல்லை.

அக்டோபர் 24

இட்லி மாவு புளித்துவிட்டது. அம்மா ஊத்தப்பமாக ஊற்றினாள்.

நவம்பர் 3

பெரிய அதிகாரி ஒருவர் பேராசிரியரிடம் பேசியிருக்கிறார். மற்ற மாவட்டங்களுக்கும் பயிற்சியைக் கொண்டுபோகிறார்களாம். இருபதாம் தேதி விழா, அன்றே அறிக்கை வெளியீடு. அறிக்கையில் முதல் பெயர் என்னுடையது. அம்மாவிடம் சொன்னேன். எழுந்து நின்று ஜெபம் பண்ணினாள். எனக்கு என்னவோ சாப்பாடு இறங்கவில்லை, வெயிலாக இருக்கும்.

நவம்பர் 9

ஆமினா இன்று என்னைச் சும்மா விடவில்லை.

"அக்கா, அந்த அம்பத்தெட்டு மொதத் தாள்ல என்ன போட்டிருந்தாவ, பாத்தியளா?"

"எதுக்கு?"

"நான் பாத்தேன். ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, சைபர், மூணுன்னு கலந்து போட்டிருக்காவ. மொத்தம் முப்பத்தொண்ணு. படிச்சுப் படிச்சுப் போட்ட ஆளுக்கா அது. ஆகஸ்ட்ல ஒழுங்கா படிச்ச ஆளு செப்டம்பர்ல மட்டும் படிக்காமலா போட்டிருக்கும்?"

"களைச்சிருப்பா. பசிச்சிருக்கும். ஆயிரம் இருக்கும். உனக்கு இப்ப என்ன, என் ஆய்வேட்டுக்கு நீ நெறியாளரா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "தப்பா நினைக்காதீங்கக்கா. அந்த ஒம்பதாம் கேள்விதான் மனசுல கெடந்து உறுத்துது. நாம சிரிச்சோம்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேற்று வந்தவள். கணக்கு என்றால் கூட்டத்தைப் பற்றிப் பேசுவது, ஒரு ஆளைப் பற்றி இல்லை. முதல் வருஷப் பிள்ளைகளுக்கே நான் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

நவம்பர் 12, தீபாவளி

வளாகத்தில் ஈ காக்கை இல்லை. துறையின் சாவி என்னிடம் ஒன்று இருக்கிறது. சும்மா போய் உட்காரலாம் என்று போனேன். போனவள் பெட்டியைத் திறந்து ஐம்பத்தெட்டை எடுத்துவிட்டேன்.

அது கோடு இல்லை. நான் வாசித்தபோது கட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறேன், குறியைப் பார்க்கவில்லை. இருபத்தொரு குறியும் தனித்தனியாக, கட்டத்துக்கு வெளியே போகாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்ட மாதிரி இருக்கிறது. நான்காவதில் முதலில் 2 போட்டு, அடித்து, 3 போட்டிருக்கிறது. பன்னிரண்டிலும் அப்படியே. ஒன்பதாம் கேள்வியில் ஒரே குறியின் மேல் திரும்பத் திரும்ப ஓட்டி, தாள் ஓட்டை விழுந்துவிட்டது.

எட்டாம் கேள்வி வரை நீல மை. ஒன்பதிலிருந்து கறுப்பு.

நிறையப் பேர் பேனா மாற்றியிருப்பார்கள். மலிவுப் பேனாக்கள்தான் நாங்கள் கொடுத்தவை. யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்பதுதான் முறை.

தெரு முழுக்க வெடிச் சத்தம். வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன்.

நவம்பர் 13

பேராசிரியர் வீட்டுக்கே போனேன். பலகாரத் தட்டு வைத்தார்கள். பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"எதுக்கு?"

"அம்பத்தெட்டு யாருன்னு தெரியணும் சார். ஒம்பதாம் கேள்வில மூணு போட்டிருக்கு. அன்னைக்கே கவனிப்போம்னு எழுதிக் குடுத்தது நான்தான்."

அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "ஒன்றரை மாசம் கழிச்சு என்னம்மா அன்னைக்கே? பேர் வெளிய தெரியாதுன்னு சொல்லித்தான் அவங்க எழுதுனாங்க. பட்டியலத் தொறந்தா மொத்த ஆராய்ச்சியும் செல்லாது. ஒரு ஆளுக்காக எண்பத்துமூணு பேர் எழுதினதக் குப்பையில போடவா? இருபதாம் தேதி முடியட்டும். பொறவு பேசுவோம்."

சரி சார் என்றேன். சொல்லியே விட்டேன். முறுக்கு நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

நவம்பர் 18

வடிவுக்குப் போன் பண்ணினேன். சும்மா விசாரிக்கத்தான். அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. மூன்று முறை போட்டேன். சூரசம்ஹாரத்துக்கு எல்லோரையும் கோயில் பந்தோபஸ்துக்கு அனுப்பியிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் போனாவது ஒன்றாவது.

நவம்பர் 20

விழா. அதே கூடம். இன்று ஆறு விசிறியும் ஓடின.

என் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். 'புள்ளிவிவரப்படி நிரூபிக்கப்பட்ட பயிற்சி' என்று பெரிய அதிகாரி மூன்று முறை சொன்னார். நான் கடைசி வரிசையைத் தேடிக்கொண்டிருந்தேன். இறங்கியதும் ஏட்டம்மா பாக்கியத்தாயைப் பிடித்தேன்.

"வடிவு வரலியா ஏட்டம்மா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப்போனார்.

"மேடம், உங்களுக்குத் தெரியாதா? அவ போயிட்டாளே. அக்டோபர் எட்டாந் தேதி, ஞாயித்துக்கெழம. குவார்ட்டர்ஸ்ல தனியாத்தான இருந்தா. காலைல ரோல்காலுக்கு வரலன்னு நான்தான் போய்க் கதவத் தட்டினேன். குடும்பப் பிரச்சினைன்னு எழுதி முடிச்சுட்டாவ. நீங்க குடுத்த டப்பா மேசைல இருந்துச்சு. பிள்ளை பேரு வெட்டி வாங்கி வச்சிருந்தா, கொண்டு குடுக்கலை."

நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "உங்க சாருக்கு அன்னைக்கே போன்ல சொன்னேனே மேடம். உங்ககிட்ட சொல்லிக்கிடுதேன்னாரே."

அக்டோபர் எட்டு. நானும் ஆமினாவும் மூணு, மூணு என்று சிரித்தது பதினான்கு. அதற்கு ஆறு நாள் முன்பே அவள் இல்லை. ஆண்டவரே, செத்தவளின் தாளை வைத்துக்கொண்டு நாங்கள் சிரித்தோம்.

பேராசிரியரை வண்டி ஏறும் இடத்தில் மறித்தேன். சால்வை இன்னும் என் தோளில்தான் கிடந்தது.

"சார், வடிவு செத்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா." குரல் இறங்கிவிட்டது. "உனக்குக் காய்ச்சல்னு சொல்லல. பொறவு சொல்ல வாய் வரல."

"அவதான் அம்பத்தெட்டா?"

"நான் பட்டியலப் பாக்கல. சத்தியமாப் பாக்கல எஸ்தர். பாத்தா தெரிஞ்சு போகுமேன்னுதான் பாக்கல."

அவரைக் காறித் துப்ப வேண்டும் என்று வந்தது. ஆனால் பன்னிரண்டாம் தேதி கறுப்பு மையைப் பார்த்துவிட்டுத் துணி துவைத்தவள் நான். "அலமாரிச் சாவியக் குடுங்க" என்றேன். வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

58, சண்முகவடிவு. பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பேராசிரியரின் அழகான கையெழுத்தில் அவள் பெயர்.

நவம்பர் 21

எண்பத்துநான்கு கடைசித் தாள்களையும் படித்தேன். வாசிக்கவில்லை, படித்தேன். காலையில் உட்கார்ந்தவள் மாலை நான்குக்கு எழுந்தேன். ஆமினா பக்கத்திலேயே இருந்தாள். ஒன்பதாம் கேள்விக்கு 2 அல்லது 3 போட்டவர்கள் வடிவைத் தவிர இன்னும் நான்கு பேர். 12, 37, 66, 71. இவர்களின் தாள்கள் எதுவும் விதியில் சிக்கவில்லை. கலந்து கலந்து போட்டிருந்தார்கள், ஆகவே கூட்டத்தோடு கூட்டமாகச் சராசரிக்குள் போய்விட்டார்கள். பயிற்சி பலித்தது என்று நான் சொன்ன அந்த 0.04க்குள் இவர்களும் இருக்கிறார்கள், அதில் மூன்று பேர் பயிற்சி பெற்றவர்கள்.

ஐம்பத்தெட்டைத் திரும்பச் சேர்த்தேன். 0.06. பத்து சைபர்களையும் சேர்த்தேன். 0.08. நடந்ததையெல்லாம் எழுதி நெறிக் குழு டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினேன். முப்பதாம் தேதி ஆய்வேடு கொடுக்கப்போவதில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

டாக்டரம்மா ஒரு மணி நேரத்தில் போன் பண்ணினார். திட்டுவார் என்று இருந்தேன். "அந்த நாலு பேரும் உசுரோட இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் 23

பெயர்களை இங்கே எழுதமாட்டேன்.

12 போனை எடுத்தாள். டாக்டரம்மாவிடம் வரச் சம்மதித்தாள். 66 மாற்றலாகிப் போயிருக்கிறாள், அந்த ஊருக்கு ஆமினா போனாள். பார்த்துப் பேசியிருக்கிறாள், 66 இப்போது தன் அக்காவோடு இருக்கிறாளாம். 71 என்னையும் ஏட்டம்மாவையும் பார்த்ததும், எனக்கு ஒன்றுமில்லை, போங்கள் என்று கதவைச் சாத்திவிட்டாள். ஏட்டம்மா அவளோடு இன்று ராத்திரி தங்குகிறார்.

37ஐ நானே போய்ப் பார்த்தேன். போக்குவரத்துப் பணி, வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் அதைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு தொப்பியைக் கழற்றினாள்.

"படிச்சியளா மேடம்?"

"படிச்சேம்மா."

"எப்ப?"

"முந்தாநாள்."

தலையை ஆட்டிக்கொண்டாள். கோபமாகக்கூட இல்லை. "எழுதிக் குடுத்துட்டு ஒரு வாரம் போலக் காத்துக் கெடந்தேன் மேடம். ரோல்கால்ல யாராவது தனியா கூப்புடுவாவளோ, நீங்க போன் போடுவியளோன்னு. ஒண்ணும் வரல. சரி, படிச்சிருப்பாவ, இதெல்லாம் பெரிய விசயமில்லன்னு விட்டுருப்பாவன்னு நெனச்சுக்கிட்டேன்."

நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டரம்மாவிடம் அவளை நானே கூட்டிப்போகிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் போனை எடுத்தேன். அக்டோபர் முதல் தேதி மூலைக்குத் தள்ளியதையெல்லாம் திறந்தேன். வடிவிடமிருந்து ஏழு படங்கள் வந்திருக்கின்றன. ஒன்றாம் தேதி ரோஜா, இரண்டாம் தேதி அரளி, அப்படியே ஒரு நாள் விடாமல். ஏழாம் தேதி தாமரை. அந்தப் படத்துக்குக் கீழே மட்டும் எழுத்து இருந்தது.

"வணக்கம் மேடம். உங்க பேனா என்கிட்ட இருக்கு. பேப்பர் படிச்சாச்சா?"

காலை 6.10க்கு அனுப்பியிருக்கிறாள்.